தேயிலையின் முன்னால் ஒரு பூஜ்யம்

தேயிலையின் எச்.எஸ்.என். குறியீடு, அதாவது வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண், 0902. காப்பிக்கு 0901, பால்பவுடருக்கு 0402. நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்றையும் சொல்லிவிடுவேன். என் மாமனாரின் தொலைபேசி எண்ணைக் கேட்டால்தான் கைபேசியைத் தேட வேண்டும்.

2017-ல் சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். பல்பொருள் அங்காடிகளுக்கான பில்லிங் மென்பொருள் எங்களுடையது. ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் 34 கிளைகள். ஒவ்வொரு கிளையின் பின்னறையிலும், அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய் டின்களுக்கும் நடுவே ஒரு கணினி, அதில் எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள். இலவசப் பதிப்பு என்பதால் அப்போது தரவுத்தளம் 10 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டித்தரும் வசதியும் கிடையாது. எந்த மாற்றமானாலும் கடை சாத்திய பிறகு தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து, ஒவ்வொரு சர்வராக நாங்களே செய்ய வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாநில விற்பனை வரியான வாட் காலத்தில் ஒரே வரி, இப்போது மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி., மாநிலத்துக்கு எஸ்.ஜி.எஸ்.டி. என்று பாதிப் பாதி. வணிகரின் வரிப் பதிவு எண்ணாக 11 இலக்க டின் (TIN) இருந்த இடத்தில் 15 எழுத்து ஜி.எஸ்.டி.ஐ.என். இரண்டுமே தமிழ்நாட்டில் 33 என்றுதான் தொடங்கும் என்பதைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை.

புதிய புலங்களை, அதாவது அட்டவணையின் பத்திகளை, ஜூன் முதல் வாரத்திலேயே சேர்த்துவிடலாம், காலியாக இருக்கட்டும், பழைய மென்பொருள் அவற்றைக் கண்டுகொள்ளாது என்று திட்டமிட்டோம். பிறகு புதிய மென்பொருளை அனுப்புவது. பில்லின் தேதியைப் பார்த்து அதுவே பழைய வரியா புதிய வரியா என்று முடிவு செய்துகொள்ளும். ஜூன் 30 நள்ளிரவில் யாரும் எந்த சர்வரையும் தொட வேண்டியதில்லை. இதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. மற்ற இடங்களில் அந்த இரவு எப்படிக் கழிந்தது என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் ‘பழைய மென்பொருள் கண்டுகொள்ளாது’ என்பது எங்கள் நம்பிக்கை மட்டுமே. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய கிளையில் முதலில் புலங்களைச் சேர்த்து, அன்றிரவே நான்கு பில் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் ஒரு வாடிக்கையாளர் உடைந்த பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். திரும்பப் பெறும் திரை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் திரையை எழுதியவர், புலங்களின் பெயரைச் சொல்லாமல் மதிப்புகளை மட்டும் வரிசையாக அட்டவணைக்குள் கொட்டியிருந்தார். அட்டவணையில் ஒரு புலம் கூடினாலும் கணக்கு ஒத்துவராது; சர்வர் மறுத்துவிடும். புலத்தைச் சேர்ப்பது யாருக்கும் தொல்லை தராத மாற்றம் என்று அதுவரை நினைத்திருந்தேன். மற்ற 33 கிளைகளுக்கும் ஒரே இரவில் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

இனி என் கதை. வாட் காலத்திலேயே பொருள்வகைக் குறியீட்டுக்கென்று ஒரு புலம் இருந்தது. முழு எண் வகை. எச்.எஸ்.என்.னுக்குப் புதுப் புலம் எதற்கு, இருப்பதையே பயன்படுத்தலாமே என்று சொன்னவன் நான்தான். எண் வகைப் புலத்தில் 0902-ஐப் போட்டால் 902 என்றுதான் நிற்கும். சோதனைப் பில்லைப் பார்த்த தலைமை அலுவலகக் கணக்காளர் போன் செய்தார்.

“தம்பி, தேயிலைக்கு முன்னால் இருந்த பூஜ்யம் எங்கே?”

புலத்தை எழுத்து வகைக்கு மாற்ற உடனே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகளின் கோப்பு, எழுதினேன். நான்கு கிளைகளில் ஓடியது. ஐந்தாவது, கும்பகோணம் கிளையில் நின்றது. அந்தப் புலத்தின் மேல் ஒரு இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகப்படுத்தும் அகரவரிசை போன்ற பட்டியல், இருக்கிறது, அது இருக்கும்வரை வகையை மாற்ற முடியாது என்றது சர்வர். தலைமை அலுவலகத் தரவுத்தளத்தில் அப்படியொரு இண்டெக்ஸே இல்லை. எவன் வைத்தான் என்று சற்றுக் காட்டமாகவே கேட்டுக்கொண்டு அதன் பெயரைப் பார்த்தேன். பெயரின் கடைசியில் என் முன்னெழுத்துகள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாதக் கடைசியில் வரி அறிக்கை ஆமைபோல் ஊர்கிறது என்று அந்தக் கிளை மேலாளர் புலம்பியபோது, இரவு பத்து மணிக்கு நான் கையால் வைத்துக்கொடுத்தது. மறுநாள் அவர் நன்றி சொன்னார். நான் எங்கும் குறித்துவைக்கவில்லை.

அப்போது நான்கு கிளைகளில் ஒரு வடிவம், முப்பதில் இன்னொரு வடிவம். இருப்பதிலேயே மோசமான நிலை இதுதான். இரண்டுக்கும் ஒரே மென்பொருள் போக வேண்டும். நான்கையும் பழைய வகைக்கே திருப்பிவிட்டு, ஒழுங்காகப் புதிய எழுத்துப் புலம் ஒன்றைச் சேர்த்து, குறியீடுகளை அதற்குள் நகலெடுத்தோம். தொலைந்த பூஜ்யங்களை மீட்பது எளிதாகவே இருந்தது. எச்.எஸ்.என். எப்போதும் இரட்டைப்படை இலக்கங்களில்தான் வரும்: 2, 4, 6 அல்லது 8. ஒற்றைப்படையில் நிற்கிறதென்றால் முன்னால் ஒரு பூஜ்யம் உதிர்ந்திருக்கிறது என்று பொருள். அன்று என்னைச் சிரிக்கவைத்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு சர்வரிலும் உள்ள அட்டவணைகள், புலங்கள், இண்டெக்ஸ்கள், தரவு மாறும்போது தானாக ஓடும் டிரிகர்கள் எல்லாவற்றையும் சர்வரே வைத்திருக்கும் சிஸ்டம் அட்டவணைகளிலிருந்து உருவி, தலைமை அலுவலகத்தோடு ஒப்பிடும் ஒரு வினவல். எதையும் மாற்றாது, கேட்டு மட்டும் வரும். ஒரு கிளையில் முகவரிப் புலம் 50 எழுத்து, மற்றவற்றில் 30. இன்னொன்றில் சர்வரை நிறுவியவர் கொலேஷனை, அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதியை, வேறாகத் தேர்ந்தெடுத்திருந்தார். தற்காலிக அட்டவணையோடு பெயர்களை ஒப்பிடும் இடமெல்லாம் அங்கே பிழையாக வெடிக்கும். வேறொருவரிடமிருந்து வாங்கிய ஒரு கடையில் தரவுத்தளத்தின் பெயரே வேறு. அந்தப் பெயரைப் பார்த்ததும் பழைய மர்மம் ஒன்று விடுபட்டது. முன்பு ஓட்டிய ஒரு ஸ்கிரிப்டின் ‘இந்தத் தரவுத்தளத்துக்குப் போ’ என்ற முதல் வரி அங்கே தோற்றிருக்கிறது. ஸ்கிரிப்ட் நிற்காமல் அடுத்த பகுதிக்குப் போய், புதிய அட்டவணைகளையெல்லாம் சர்வரின் சொந்த வேலைக்கான மாஸ்டர் தரவுத்தளத்துக்குள் உருவாக்கிவிட்டு வந்திருக்கிறது. பல மாதங்களாக அவை அங்கே அநாதையாகக் கிடந்தன.

அன்று முதல் ஸ்கிரிப்டுகளுக்கு எண் கொடுத்தோம். எந்த எண்வரை ஓடியது என்பதை ஒவ்வொரு சர்வரும் தன்னிடமே ஓர் அட்டவணையில் வைத்திருக்கும். தரவுத்தளத்தின் பெயரையும் கடைசி எண்ணையும் சரிபார்க்காமல் எந்த ஸ்கிரிப்டும் தொடங்காது. முதல் பிழையிலேயே நின்றுவிடும். எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற கட்டுக்குள், நடக்கும் என்பதால் பாதியில் மின்சாரம் போனாலும் சர்வர் எழுந்ததும் பழைய நிலைக்கே திரும்பும். எஸ்.கியூ.எல். சர்வரில் அட்டவணை மாற்றங்களையும் இப்படித் திரும்பப் பெறலாம். பின்னாளில் மை.எஸ்.கியூ.எல். என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் பக்கம் போனபோது, அங்கே அட்டவணையை மாற்றும் கட்டளை ஒவ்வொன்றும் தானாகவே உறுதியாகிவிடும், பின்வாங்க வழியில்லை என்று தெரிந்து கொஞ்சம் கலங்கினேன்.

பழைய வாட் புலங்களை நீக்கும் ஸ்கிரிப்டுக்கு 61 என்று எண். 2019-ல் எழுதினேன். ஓட்டுவதற்கு முன், அவற்றை இன்னும் யாராவது படிக்கிறார்களா என்று ஒரு வாரம் எல்லா சர்வர்களிலும் கண்காணித்தோம். 33 கிளைகளில் சத்தமில்லை. கும்பகோணத்தில் மட்டும் தினமும் காலை ஒன்பதேகால் மணிக்கு ஓர் எக்செல் கோப்பு வந்து பழைய பொருள்வகைக் குறியீட்டைப் படித்துவிட்டுப் போனது. மேலாளரிடம் கேட்டேன்.

“நீங்கள்தானே சார் அப்போது செய்துகொடுத்தீர்கள்” என்றார்.

நான் வேலையை விட்ட அன்றும் 61 ஓடாமல்தான் இருந்தது.