விறைத்த விரல்களுக்கு ஒரு தலையில்லாத கிட்டார்

இடது கைக் கட்டைவிரலின் அடி மூட்டில் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், வாசிக்கிற கிட்டாரை எடை பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. லெஸ் பால் ரகம், நாலு கிலோவுக்கு மேல் காட்டியது. இத்தனை வருடமாக இதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

கையின் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் கை வேறு மாதிரி இருந்தால் என் முடிவுகள் உங்களுக்குப் பொருந்தாது. அறுபதைத் தாண்டியாகிவிட்டது. கட்டைவிரல் அடியில் வலி. மோதிர விரலின் நுனி மூட்டில் சின்ன முடிச்சு. சுண்டுவிரல் முழுதாக மடங்காது. காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். வாசிக்கும் முன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுப்பது எனக்கு உதவுகிறது. விரல் மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்கிறது, மூட்டு சிவந்து வீங்குகிறது, விறைப்பு மணிக்கணக்கில் நீடிக்கிறது என்றால் கிட்டார் தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

சரி, ஏன் ஹெட்லெஸ், அதாவது தலையில்லாத கிட்டார்? எடை குறைவு என்பதுதான் எல்லோரும் சொல்கிற காரணம். அது உண்மைதான், பெரும்பாலான ஹெட்லெஸ் கிட்டார்கள் இரண்டிலிருந்து இரண்டரை கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆனால் என் கைக்கு அதைவிட முக்கியமானது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. சாதாரணக் கிட்டாரில் ஹெட்ஸ்டாக் என்கிற தலையும், சுருதி சேர்க்கிற ஆறு ட்யூனர்களும், இடது கை பிடிக்கிற நெக்கின் கடைசி நுனியில் தொங்குகின்றன. அந்த நுனி கீழே சாயப் பார்க்கும். சாயாமல் பிடித்துக்கொள்வது யார்? இடது கை. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடிக்க வேண்டிய கை பாதி நேரம் முட்டுக்கொடுக்கிற வேலை செய்கிறது, அதுவும் கட்டைவிரலால்.

இதைச் சோதிப்பது சுலபம். ஸ்ட்ராப் மாட்டி நின்றுகொண்டு இடது கையை முழுதாக எடுத்துவிடுங்கள். நெக் அப்படியே நின்றால் நல்லது. தரையைப் பார்த்து இறங்கினால், அந்த இறக்கத்தை இத்தனை நாள் உங்கள் கட்டைவிரல்தான் தடுத்துக்கொண்டிருந்தது.

தலையை வெட்டுகிற யோசனை புதிதல்ல. நெட் ஸ்டைன்பெர்கர் 1980-ஐ ஒட்டித் தலையில்லாத பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார், அடுத்து ஆறு கம்பிக் கிட்டாரும் வந்தது. கிட்டார் கலைஞர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் அதை வாசித்த காலத்தில் அது ஏதோ விண்வெளிச் சாமான் மாதிரி தெரிந்தது. இன்றைக்கு ஸ்ட்ராண்ட்பெர்க், கீசல், ஐபனெஸ் என்று பலரும் செய்கிறார்கள்.

தேர்ந்தெடுக்க நான் வைத்துக்கொண்ட முறை ஒன்றுதான். கிடைக்கிற கிட்டாரில் உட்கார்ந்து கொஞ்சம், நின்று கொஞ்சம் வாசிப்பது. எப்போதும் அதே பாட்டுகள். அன்றைக்கு எந்த முடிவும் எடுப்பதில்லை. மறுநாள் காலை கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் நோட்டில் எழுதுவேன். வாசிக்கும்போது இருக்கிற உற்சாகத்தில் எந்தக் கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும். நண்பர்கள் சிலர் ஓரிரண்டு நாள் வைத்துக்கொள்ளக் கொடுத்தது பெரிய உதவி.

முதலில் பார்த்தது துடுப்பு வடிவத்துச் சின்ன உடல் கொண்டது. தோளுக்குச் சுகமோ சுகம். ஆனால் வலது முழங்கையை வைக்க இடமே இல்லை. மற்றக் கிட்டார்களில் மேல்பக்கத்து வளைவில் முன்னங்கை தானாகப் போய் உட்காரும், இதில் அந்தரத்தில் நிற்கிறது. இடது கைக்குக் கிடைத்த ஓய்வுக்கு வலது தோள்பட்டை விலை கொடுக்க வேண்டியிருந்தது. இந்த ரகத்தில் சிலவற்றுக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த தனிக் கம்பி வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அந்தக் கம்பியை மாட்டுவது மிகச் சுலபம், கை விறைத்தவர்களுக்கு வரம் என்றே சொல்லலாம். ஆனால் கேஜ், அதாவது கம்பித் தடிமனில், தேர்வு குறைவு.

அப்புறம் விசிறி ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) வைத்தது ஒன்று. தடித்த கம்பிகளுக்கு நீள ஸ்கேல் (கம்பி அதிர்கிற நீளம்), மெல்லிய கம்பிகளுக்குக் குட்டை ஸ்கேல், அதனால் ஃப்ரெட்டுகள் விசிறி மாதிரி விரியும். நெக்கின் நடுவில் மணிக்கட்டுக்கு மிக இயல்பாக இருந்தது. முதல் ஃப்ரெட்டில், ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பிகளையும் அமுக்குகிற எஃப் பார் கார்ட் பிடிக்கப் போனபோது ஆள்காட்டி விரல் வெளிப்பக்கம் சாய வேண்டியிருந்தது, என் கை சாய மறுத்தது. மேல் ஃப்ரெட்டுகளிலேயே லீட் (தனி வாசிப்பு) வாசிக்கிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. நான் கார்ட் பிடித்துப் பாடுகிற ஆள். எனக்கு நேர் ஃப்ரெட்தான்.

இனி நெக்கின் தடிமன். மெல்லிய நெக் என்றால் கைக்குச் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள், விளம்பரமும் அதையேதான் சொல்லும். என் அனுபவம் நேர்மாறு. முதல் ஃப்ரெட்டில் 17, 18 மில்லிமீட்டர் தடிமனில் முதுகு தட்டையாக உள்ள நெக்கைப் பிடித்தால், உள்ளங்கைக்கும் நெக்குக்கும் நடுவில் வெற்றிடம் விழுகிறது. கை அதைத் தாங்காமல் கட்டைவிரல் நுனியால் கிள்ளிப் பிடிக்கிறது. கிள்ளுகிற பிடியில் விரல் நுனியில் கொடுக்கிற விசை கட்டைவிரலின் அடி மூட்டில் பல மடங்காக இறங்கும். எனக்கு வலிக்கிற இடமே அதுதான். 21 மில்லிமீட்டரை ஒட்டி, உருண்டையான சி வடிவ நெக்கில் உள்ளங்கை நிறைந்துவிடுகிறது, கட்டைவிரல் சும்மா சாய்ந்திருந்தால் போதும். மறுநாள் காலை வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

ஸ்ட்ராண்ட்பெர்க்கின் எண்டுர்நெக் பற்றிக் கேட்பார்கள். முதுகை வளைவாகச் செதுக்காமல் தட்டையான முகங்களாக வெட்டியிருக்கிறார்கள், அந்த முகங்கள் நெக்கின் நீளத்தில் மெல்ல இடம் மாறும். கட்டைவிரலை முதுகில் வைத்து ஒழுங்காக வாசிப்பவருக்கு உண்மையிலேயே நல்ல யோசனை. கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாவது கம்பியை அமுக்குகிற என் பழக்கத்துக்கு அந்த விளிம்பு உறுத்தியது. பழக்கத்தை மாற்றலாமே என்பீர்கள். மாற்ற எனக்கு மனசில்லை.

கடைசியில் எடுத்தது நேர் ஃப்ரெட், உருண்டை நெக், ட்ரெமலோ (சுருதியை ஆட்டும் நெம்பு) இல்லாத நிலையான பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்), 25.5 அங்குல ஸ்கேல். குட்டை ஸ்கேலில் ஹெட்லெஸ் தேடிப் பார்த்தேன், பிடித்த நெக்கோடு அமையவில்லை. ஃப்ரெட் உயரமானது, அது எனக்கு லாபம். கம்பி மரத்தைத் தொடும்வரை அமுக்க வேண்டியதில்லை, ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் லேசாக வைத்தாலே சுத்தமாக ஒலிக்கிறது. நட்டை (நெக் நுனியில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் வெட்டிய பட்டை) ஒட்டி ஜீரோ ஃப்ரெட் என்று கூடுதலாக ஒரு ஃப்ரெட் இருப்பது இன்னொரு நல்ல விஷயம். நட்டில் பள்ளம் ஆழமாக வெட்டப்படாத கிட்டாரில் முதல் ஃப்ரெட் கார்டுகள்தான் விரலைக் கொல்லும், அந்தத் தொல்லை இதில் இல்லை. 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை மெல்லிய பக்கம் 1.4, தடித்த பக்கம் 1.8 மில்லிமீட்டருக்கு இறக்கியிருக்கிறேன். பலமாக அடித்தால் லேசாக அதிரும். பலமாக அடிப்பதை விட்டுவிட்டேன்.

கிட்டாரை விடக் கம்பிதான் என் கை நிலைமையை அதிகம் மாற்றியது என்று சொன்னால் வாங்கிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் முறைப்பார்கள், ஆனாலும் கணக்கு அதைத்தான் சொல்கிறது. இந்த ஸ்கேலில் 10 கேஜ் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 46 கிலோ விசையில் இழுக்கும். 9 கேஜ் என்றால் 38 கிலோ. மெல்லிய கம்பி ஒவ்வொன்றிலும் குறைகிற இழுவிசை நேராக விரல் நுனியில் தெரியும். பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி பதினேழு வயதில் ஆலையில் விரல் நுனிகளை இழந்த பிறகு, பான்ஜோவுக்கான மெல்லிய கம்பிகளைப் போட்டுப் பார்த்தார், பின்னால் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த ஒலி அப்படிப் பிறந்ததுதான். மெல்லிய கம்பி போட்டால் ஒலி செத்துவிடும் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்வேன்.

சுருதியை இறக்குவதில்தான் எனக்குப் பெரிய லாபம் கிடைத்தது. ஆறு கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறைகிறது. பாடுவதற்குப் பழைய சுருதியே வேண்டுமென்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டுவிடுகிறேன். இப்போது கிட்டார் 24 அங்குல ஸ்கேல் கொண்டது மாதிரி ஆகிவிட்டது, ஃபெண்டர் மஸ்டாங் அளவு. முதல் நாலு ஃப்ரெட்டுகளின் நீளம் 134 மில்லிமீட்டரிலிருந்து 126-க்கு இறங்குகிறது. எட்டு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். சுண்டுவிரல் மடங்காதவனுக்கு அது ஒரு கார்ட் வருகிறதா வராதா என்கிற தூரம். கேப்போவில் ஸ்ப்ரிங் வைத்துக் கிள்ளுகிற ரகம் மட்டும் வேண்டாம், திறக்கும்போதே கட்டைவிரல் அழும். திருகு வைத்த ரகம் வாங்குங்கள்.

இப்போது குறைக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஹெட்லெஸ் கிட்டாரில் சுருதி சேர்க்கிற குமிழ்கள் பிரிட்ஜின் பின்னால் வரிசையாக நெருக்கி இருக்கும். விரல் நுனி அளவுதான், சுற்றிலும் சொரசொரப்பு. அதை எதால் திருப்புவது? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளித்தான். நெக்கில் தப்பித்த கிள்ளல் இங்கே வந்து காத்திருந்தது, நல்லவேளை வலது கைக்கு. ஆறாவது கம்பியை முறுக்கும்போது குமிழ் முதலில் நகராது, பிறகு வெடுக்கென்று கொஞ்சம் நகரும், தோலில் சொரசொரப்பின் அச்சு பதிந்துவிடும்.

மூன்று காரியம் செய்தேன். மரையில் மிக லேசாக மசகு தடவினேன், பாதி இறுக்கம் போயிற்று. குமிழ்களின் மேல் இறுக்கமான ரப்பர் குழாய்த் துண்டுகளைச் சொருகினேன், பிடி தடித்தது, வழுக்கவும் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் சொருக முடிந்தது, அவ்வளவு நெருக்கம். மூன்றாவது, குமிழின் நடுவில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) சொருகுகிற ஓட்டை இருந்தது. அதில் டி வடிவக் கைப்பிடி உள்ள கீ போட்டால் முழு உள்ளங்கையாலும் திருப்பலாம். கடையில் பார்க்கும்போது வாசித்துப் பார்ப்பதற்கு முன்னால் ஆறாவது குமிழை நாலு சுற்று இறக்கி ஏற்றிப் பாருங்கள். அந்த ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பி மாற்றும்போது ஒரு விஷயம். நெக் நுனியில் கம்பியைத் திருகால் பூட்டுவதற்கு முன் குறடால் நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்வாகப் பூட்டினால் குமிழ் திரும்பித் திரும்பி அதன் ஓட்டமே முடிந்துபோகும், கம்பி சுருதிக்கு வந்திருக்காது. இழுத்துப் பிடிக்க ஒருவர், பூட்ட ஒருவர். பேரனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. ஹெட்ஸ்டாக்கில் கவ்வுகிற ட்யூனருக்கு இடமில்லை, போனில் ஆப் வைத்துத்தான் சேர்க்கிறேன். சுவரில் மாட்டும் கொக்கியில் தொங்காது.

இப்போதைய நிலை: ஒரே மூச்சில் வாசிக்காமல், கால் மணி நேரம் வாசித்துவிட்டு எழுந்து நடந்து வருகிறேன். முழு பார் கார்டுகளைக் கிட்டத்தட்டக் கைவிட்டாயிற்று. மெல்லிய மூன்று கம்பிகளில் மூன்று சுரங்களை மட்டும், அடிச்சுரத்தை விட்டுவிட்டுப் பிடிக்கிறேன். 1928 தீ விபத்தில் இடது கை விரல்கள் முடங்கிய பிறகு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் தனி வாசிப்பைப் பெரும்பாலும் இரண்டு விரல்களாலேயே நடத்தினார், எனக்கு மூன்றரை இருக்கிறது. மறுநாள் காலை நோட்டில் கட்டைவிரலைப் பற்றிய வரி வரவரச் சுருங்குகிறது. சில நாள் எழுத எதுவும் இல்லை.

அடுத்து 8 கேஜ் போட்டுப் பார்க்கலாமென்று இருக்கிறேன். அரைச் சுரம் இறக்கிய நிலையிலேயே அதைப் போட்டால் கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் மோதும், அதனால் சாதாரணச் சுருதியில்தான் ஆரம்பிக்க வேண்டும். இழுவிசை குறைந்ததும் நெக் பின்னால் வளையப் பார்க்கும், நெக்குக்குள் இருக்கிற ட்ரஸ் ராட் என்கிற உலோகத் தண்டைக் கால் சுற்று தளர்த்த வேண்டி வரலாம். அதற்கான சாவி நெக் நுனியிலேயே போடுகிற மாதிரி இருக்கிறது, குனிய வேண்டியதில்லை.