ஒன்றும் ஆகாது

“அக்கா, இதைப் பையனுக்குக் குடுக்கலாமா?” என்று அந்தப் பெண் கேட்டபோது, வேறொருவருடைய சீட்டுக்கு அட்டையிலிருந்து மாத்திரைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையில் இருந்தது உடற்பயிற்சி செய்பவர்கள் வாங்கும் டப்பா அல்ல, குழந்தைப் படம் போட்ட புரோட்டீன் பவுடர்தான் என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு, “குடுக்கலாம்மா, ஒண்ணும் ஆகாது” என்றேன். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அதே பெண் மலச்சிக்கலுக்கு சிரப் கேட்டு வந்தார். குழந்தைக்கு என்றதால் வயதைக் கேட்டேன், ஐந்து என்றார். என்ன சாப்பிடுகிறான் என்று விசாரித்தபோதுதான் விவரம் வந்தது. காலையும் மாலையும் பாலில் பவுடர். மாலையில் தினமும் கொடுத்து வந்த முட்டையை நிறுத்திவிட்டார், “அதுலயே எல்லாச் சத்தும் இருக்குல்லக்கா” என்ற நம்பிக்கையில். மாலைப் பாலிலேயே வயிறு நிரம்பிவிடுவதால் இரவுச் சோற்றைப் பையன் தொடுவதில்லை. சோறு போனபோது அதோடு போகும் கீரையும் காயும் போய்விட்டன. எடை அப்போதும் 15 கிலோ, இப்போதும் 15 கிலோ.

“ஒன்றும் ஆகாது” என்பதற்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. கெடுதல் வராது என்பது ஒன்று. பயன் இராது என்பது மற்றொன்று. நான் முதல் பொருளில் சொன்னேன். இரண்டாவதும் உண்மை என்று எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. அவரோ இரண்டுமல்லாத மூன்றாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்: மருந்துக்கடையில் இருப்பவரே கொடுக்கச் சொல்லிவிட்டார் என்று.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பவுடர் சட்டப்படி உணவுப்பொருள், மருந்தல்ல. சீட்டு தேவையில்லை, மருந்தாளுநரின் ஆலோசனையும் தேவையில்லை. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் ஒவ்வொரு டப்பாவுக்கும் உணவு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால், காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் என்ன ஆவார்? இந்த நியாயம் சரியானதுதான். ஆனால் அதே டப்பாவை மளிகைக்கடையில் பார்த்திருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா என்று நினைக்கும்போது என் நியாயம் தடுமாறுகிறது. மாத்திரைகளுக்கும் ஊசிகளுக்கும் நடுவே வைத்து விற்கும்போது, அந்த அலமாரிக்குள்ள நம்பிக்கையையும் சேர்த்தே விற்கிறோம். 2024 ஏப்ரலில், ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற சொல்லுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே இல்லை என்று கூறி, பால், தானியம், மால்ட் சார்ந்த பானங்களை அந்தத் தலைப்பில் காட்டக்கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியது. எங்கள் கடை அலமாரிக்கு அப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை.

சிரப் கொடுத்த அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து, முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் சுமார் 16 கிராம். ஒரு முட்டையில் ஆறு, ஒரு தம்ளர் பாலில் ஆறு, இரண்டு இட்லியில் ஏறக்குறைய நான்கு. பருப்பையும் சுண்டலையும் கடலை மிட்டாயையும் சேர்க்காமலே கணக்கு நேராகிவிட்டது. அந்தப் பையன் டப்பா வருவதற்கு முன்பே தனக்கு வேண்டிய புரதத்தைத் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறான். எடையும் அப்படித்தான்: உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஐந்து வயதுப் பையனின் இடைநிலை எடை 18.3 கிலோ என்றாலும், கீழ்வரம்பு 14.1. அவன் ஒல்லிதான், ஆனால் வரம்புக்குள் இருப்பவன். இரவுச் சோறு குறைந்து, உடலுக்கு வேண்டிய எரிபொருள் போதாமல் போனால், உடல் புரதத்தையே எரித்துக்கொள்ளும். அப்படியானால் அறுநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய புரதம், அவன் சாப்பிடாமல் விட்ட ஒரு பிடி சோற்றின் வேலையைத்தான் செய்திருக்கும். அந்தப் பணத்துக்கு எண்பது முட்டைக்கு மேல் வரும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும், இத்தகைய பவுடர்களில் சேர்க்கப்படும் சர்க்கரையையும் இனிப்பூட்டிகளையும் சுட்டிக்காட்டி, அவற்றைத் தவிர்க்கவே சொல்கின்றன. பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுவே முதலில் வரும். எங்கள் கடையிலுள்ள குழந்தை டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். சிலவற்றில் சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தது. எத்தனை ஆண்டுகளாக அவற்றை அடுக்கியிருக்கிறேன், ஒரு நாளும் படித்ததில்லை.

என்னை இன்னும் அதிகமாக உலுக்கியது வேறொன்று. 2020இல் லண்டனில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் புரதப் பானம் குடித்து, சில நாட்களில் மூளை பாதிக்கப்பட்டு இறந்தான். புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை உடல் அகற்ற முடியாத மரபுக் குறை அவனுக்கு இருந்தது. அது யாருக்கும் தெரியாது. மிக அரிய குறைதான். இதைச் சொல்லித் தாய்மார்களைப் பயமுறுத்துவது தவறு என்றே நினைக்கிறேன். ஆனாலும், வயது, எடை, உடல்நிலை எதையும் கேட்காமல் “ஒண்ணும் ஆகாது” என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? தீவிர ஊட்டச்சத்துக் குறைபாட்டிலும், தீக்காயத்திலும், புற்றுநோய்ச் சிகிச்சையிலும் கூடுதல் புரதம் தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவரோ உணவியல் வல்லுநரோ கிராம் கணக்கில் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அது மருந்து. மருந்து என்றால் அளவு கேட்கத் தெரிந்த எனக்கு, உணவு என்றதும் கேட்கத் தோன்றவில்லை.

சிரப் வாங்க வந்த அன்றே பவுடரை நிறுத்தும்படி அவரிடம் சொன்னேன். முட்டை, பருப்பு, பொட்டுக்கடலை என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“முட்டை வாங்கிக் குடுக்கத் தெரியாமலாக்கா இதை வாங்கறேன்? வேலை முடிஞ்சு நான் வீட்டுக்கு வர எட்டு மணி ஆகுது. எங்கம்மா ஊட்டினா முட்டைய துப்பித் துப்பி விளையாடறான். இதுன்னா ஒரே மடக்கு. விசேஷத்துக்குப் போனா, பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கான், என்னதான் குடுக்கறேன்னு கேக்கறாங்க. அன்னிக்கு நீங்கதானேக்கா குடுக்கலாம்னு சொன்னீங்க?”

நான் சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் வீட்டில் இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முன்னதற்கு என்னிடம் விடை இருந்தது, பின்னதற்கு இல்லை. அப்போதும் பின்னால் கூட்டம் நின்றது. சிரப்பின் அளவை மூடியில் காட்டிக் கொடுத்தேன்.

அதன்பின் யார் அந்த டப்பாவை எடுத்தாலும் வயது, எடை, சாப்பாடு எல்லாம் கேட்கிறேன். போன வாரம் ஒருவர் என் மூன்றாவது கேள்வியிலேயே டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு, டாக்டரிடமே கேட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனார். கேட்டாரா, பக்கத்துக் கடையில் வாங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கவனித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் இன்னும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். காய்ச்சல் மருந்து, தன் தாய்க்குச் சர்க்கரை மாத்திரை என்று வாங்குகிறார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறேன், நன்றாக இருக்கிறான் என்கிறார். பவுடரைப் பற்றி அவரும் சொல்வதில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.