சர்ஜனின் இறப்பு விகிதத்தைப் பார்த்து நோயாளியை அனுப்பலாமா?

இதய பைபாஸ் செய்யும் சர்ஜன்களின் இறப்பு விகிதம் நியூயார்க் மாநிலத்தில் பெயரோடு வெளிவந்தது 1991-இல், ஒரு நாளிதழ் வழக்குப் போட்ட பிறகு.

பரிந்துரைக்கும் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது ஆபரேஷன்களின் எண்ணிக்கை. ஒரு சர்ஜன் ஆபரேஷன் செய்த 100 பேரில் 2 பேர் இறந்தால் 2 சதவீதம்தான். ஆனால் எண்ணிக்கை சிறிது என்பதால், உண்மை விகிதம் 0.2 முதல் 7 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். 100 பேரில் 4 பேரை இழந்த இன்னொரு சர்ஜனுக்கு அது 1 முதல் 10 சதவீதம் வரை. இருவரில் யார் மேல் என்று அந்த எண்கள் சொல்லாது. அதனால் மூன்றாண்டுக் கூட்டுக் கணக்கு வேண்டும். வயது, சிறுநீரகப் பழுது, இதயத்தின் பம்ப் திறன், அவசர நிலை இவற்றுக்கு ஈடுசெய்த விகிதமாகவும் இருக்க வேண்டும்.

இதில் எனக்குப் பெரிய கவலை வேறு. பென்சில்வேனியாவில் இப்படி வெளியிட்டபின் எடுத்த கருத்துக்கணிப்பில், மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு சர்ஜன் கிடைப்பது கடினமாகிவிட்டதாக 59 சதவீத இதய மருத்துவர்கள் சொன்னார்கள் (1996). எண்ணைக் காக்க நோயாளியைத் தட்டிக்கழிப்பது கொடுமை. ஆபத்தான கேஸ்களை ஏற்பவரை எண்ணை மட்டும் வைத்து ஒதுக்காதீர்கள்.

ஈடுசெய்த பிறகும் ஒரு சர்ஜனின் இறப்பு விகிதம் தொடர்ந்து எதிர்பார்க்கும் எல்லையைத் தாண்டி இருந்தால், பழக்கத்துக்காக அவரிடமே அனுப்புவது துரோகம். அந்த எண்ணை நோயாளியிடம் சொல்லுங்கள், அது எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதோடு.