இடது தொடை 39 சென்டிமீட்டர்

மார்ச் 4, 2025, செவ்வாய்

முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்து ஏழு மாதமாகிறது. பிசியோதெரபிஸ்ட் தையல்காரர் நாடாவால் முழங்கால் சிப்பிக்கு 10 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்தார். வலது 46, இடது 39. "சர்க்கரை அரித்தது பாதத்தைத்தானே, தொடை ஏன் இளைத்தது?" என்று கேட்டேன். "நீங்கள் அதற்கு வேலையே கொடுக்கவில்லையே, ஐயா" என்றார். செயற்கைக் காலோடு தினமும் தெருமுனைவரை நடக்கிறேனே!

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனர் கைபேசியில் கார்பன் இழையில் செய்த செயற்கைப் பாதத்தைக் காட்டினார். எடை விழும்போது வளைந்து, விரல் பக்கம் வரும்போது நிமிர்ந்து உந்துமாம். கெண்டைக்கால் தசை செய்துவந்த வேலையில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். விலையைக் கேட்டதும் தென்னந்தோப்பு ஞாபகம் வந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வாசலில் செருப்பைக் கழற்றியதும் யாரோ பின்னால் இழுப்பது போலிருக்கும். சர்க்கரை குறைகிறதென்று நினைத்து இரண்டு முறை கருப்பட்டி தின்றதும் உண்டு. இன்று கால் பொருத்துபவர் விளக்கினார். என்னுடையது சாக் வகைப் பாதம். கணுக்கால் மூட்டு கிடையாது, குதிகாலில் மெத்தை மட்டும்தான். செருப்பின் குதி உயரத்துக்குக் கணக்கிட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். செருப்பு போனால் குதி தாழ்கிறது, கால் பின்னால் சாய்கிறது, முழங்கால் விறைத்துப் பூட்டிக்கொள்கிறது. பூட்டிய முழங்காலைத் தாங்கத் தொடைத் தசை எதற்கு? நானோ பகல் முழுக்க வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பவன். போதாததற்கு வெட்டிய காலின் முனை சுருங்கி, அது நுழையும் கிண்ணமான சாக்கெட் தளர்ந்து, முனைமேல் நான்கு துணி உறை போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பாரமெல்லாம் வலது காலுக்குத்தான். அந்த முழங்கால் இரவில் வலிப்பதற்கும் காரணம் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

புதிய சாக்கெட், ஜெய்ப்பூர் பாதம். 1968இல் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் ஜெய்ப்பூரில் உருவாக்கியது. ரப்பரும் மரமும். நம்மைப் போல வெறுங்காலில் நடப்பவர்களையும், சம்மணமிட்டு உட்காருபவர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. கார்பன் போல உந்தித் தள்ளாது, கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கிறது. ஆனால் வாசலைத் தாண்டினேன், சாயவில்லை. மாலைக்குள் தொடை முன்பக்கம் நடுங்கியது. பிசியோதெரபிஸ்டுக்கு ஒரே சந்தோஷம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாதத்தை மாற்றினால் தசை தானாக வந்துவிடாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருக்கிறேன், மூன்று வேளையும். இடுப்பு மடங்கி இறுகிவிடக்கூடாதென்று இருபது நிமிடம் குப்புறப் படுக்கிறேன். முழங்காலுக்கு அடியில் தலையணை கூடவே கூடாதாம். மாதக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மே 11, ஞாயிறு

அக்கா பேத்தியின் காதுகுத்து. பந்தியில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுவதற்கு மட்டும் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து நாடாவைச் சுற்றினேன். 40, அல்லது 40க்கு ஒரு நூல் குறைவு. மனைவி இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறாள்.