புதுக்கூரை ஏன் நிலைப்பதில்லை

திருகோணமலையில் கூரை வேலை செய்கிறேன். புதிதாகக் கூரை போடக் கூப்பிடுகிறவர்களை விட, போட்ட கூரையைப் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள்தான் இப்போது அதிகம். உவர்மலைப் பக்கம் பழைய ஓட்டு வீடுகள் இருக்கின்றன. பனை வளை, பனஞ்சிலாகை, மேலே கலிக்கட் ஓடு. பேரப்பிள்ளைகள் காலத்திலும் முகடு வளையாமல் நிற்கிறது. அலஸ்தோட்டத்திலிருந்து நிலாவெளி வரை கடலை ஒட்டி எழும்பிய புது வீடுகளிலோ, தகரச் சீற் போட்டு ஐந்தாவது மாரிக்குள் வாளி வைத்து ஒழுக்கு ஏந்துகிறார்கள். வெளிநாட்டில் பிள்ளை உழைத்து அனுப்பிய காசில் கட்டிய வீடாக இருக்கும். கேட்க மனம் பொறுக்காது.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, சீற் கள்ளச் சீற்றா?" சில நேரம் ஆம். அநேகமான வீடுகளில் சீற்றில் பெரிய குறை இல்லை. சீற்றைப் பிடித்து வைத்திருக்கிற சாமான்களும், அதை வெட்டிய விதமும், மடித்த திசையும்தான் கூரையைத் தின்றிருக்கும்.

நிலாவெளியில் ஒரு வீடு. கடலிலிருந்து கூப்பிடு தூரம். பச்சைச் சீற், கீழிருந்து பார்த்தால் நேற்றுப் போட்டது போல இருந்தது. மேலே ஏறினால் ஒவ்வொரு ஸ்குரூவைச் சுற்றியும் மண்ணிறத்தில் ஒரு வளையம். ஒன்றைக் கழற்ற ஸ்பனரை வைத்துத் திருப்பினேன், தலை மட்டும் கையோடு வந்தது. தண்டு உள்ளே அரைவாசி அரித்துப் போய் ஊசியாக நின்றது. அடியில் இருந்த ரப்பர் வாசரை விரலால் அழுத்தினேன், கரித்தூளாக உதிர்ந்தது. வீட்டுக்கார அக்கா கீழே நின்று, "இது போட்டு நாலு வருசமும் ஆகேல்லையே தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. சீற்றுக்கு நாலு வருசம் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஸ்குரூ வீட்டுக்குள் அலுமாரி பூட்டுவதற்குச் செய்தது, கடற்காற்றில் நிற்கச் செய்ததல்ல.

வீட்டுக்காரர் சீற் விலையை நாலு கடையில் விசாரிப்பார், ஒரு கிழமை பேரம் பேசுவார். ஸ்குரூவை, "பாஸ், எத்தனை வேணும் எண்டு சொல்லுங்கோ, எடுத்துத் தாறன்" என்று விட்டுவிடுவார். கடையில் எது முன்னால் இருக்கிறதோ அது வரும். முழுக் கூரைச் செலவில் மிகச் சின்னப் பங்கு அது. கூரையின் ஆயுளைத் தீர்மானிப்பதும் அதுதான். தடித்த நாகப் (சிங்க்) பூச்சு உள்ள, கூரைக்கென்றே செய்த ஸ்குரூ, வெயிலில் இறுகாத ஈபிடிஎம் ரப்பர் வாசர் என்று கேட்டு வாங்க வேண்டும். விலை கூடத்தான். ஆனால் மறுபடி சாரம் கட்டி ஆள் பிடிக்கிற செலவை நினைத்தால் அது ஒரு விலையே இல்லை.

வாசர் இருந்தும் ஒழுகுகிற கூரைகள் உண்டு. ட்ரில்லை வைத்து ஒரே மூச்சில் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும், அடியில் சீற் குழிந்து தண்ணீர் தேங்கும். இறுக்காமல் விட்டால் சொல்லத் தேவையில்லை. இந்த ஊர் வெயிலில் சீற் சும்மா கிடப்பதும் இல்லை. 6 மீற்றர் நீள இரும்புச் சீற் விடியற்காலைக் குளிருக்கும் மத்தியானச் சூட்டுக்கும் இடையில் 40 பாகை ஏறினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும், இரவில் மறுபடி சுருங்கும். தினமும் இந்த இழுபறி. துளை மெல்ல மெல்ல நீள்வட்டமாகிறது. கீழே இருப்பது காயாத பச்சை மரமென்றால் அதுவும் காய்ந்து சுருங்கி ஸ்குரூவின் பிடியை விட்டுவிடும். சீற்றின் மேட்டில் அடித்த ஸ்குரூ தளர்ந்தாலும் கொஞ்ச நாள் தாங்கும். பள்ளத்தில் அடித்திருந்தால் கூரையில் விழுகிற தண்ணீர் எல்லாம் அந்தத் துளையின் மேலால்தான் ஓடும்.

அப்புறம் உப்பு. கடலுக்குத் தூரமான கந்தளாயில் ஒரு வீட்டுக்கும் நிலாவெளியில் ஒரு வீட்டுக்கும் ஒரே சீற்றை, ஒரே ஆட்களை வைத்துப் போட்டாலும் இரண்டும் ஒரே மாதிரி வயது போகாது. இங்கே வாடைக்காற்று கடலில் இருந்து நேராக வீட்டுக்குள் வருகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை கூடவே மழையும் வருவதால், மேல்பக்கம் விழுகிற உப்பை மழையே கழுவிவிடும். தை கடைசியிலும் மாசியிலும் மழை குறைந்துவிடும், காற்று விடாது. அப்போது படிகிற உப்பு அப்படியே கிடக்கும். தாழ்வாரத்தின் அடிப்பக்கத்துக்கோ எந்த மாதத்திலும் மழை படாது. ஆகவே கடற்கரை வீடுகளில் சீற் முதலில் வெள்ளை பூப்பதும் பிறகு துருப்பிடிப்பதும் பெரும்பாலும் அந்த அடிப்பக்கத்தில்தான். மேலே பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று எல்லோரும் ஏமாறுகிற இடம் அது. மாசியில் ஒரு நாள், பிறகு கோடையில் இடைக்கிடை, நல்ல தண்ணீரால் தாழ்வாரத்தின் அடியைக் கழுவிவிட்டால் போதும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதைப் பாவிக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர்தான் சரி.

சீற் வாங்கும்போது பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சு என்றால் ஏஇசட் என்று போட்டு ஒரு எண் இருக்கும். ஏஇசட் 150 என்றால் ஒரு சதுர மீற்றருக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து, 150 கிராம் பூச்சு. எண் குறையக் குறைய பூச்சும் மெல்லிசு. தடிப்பையும் அப்படித்தான் கேட்க வேண்டும்: 0.47 மில்லிமீற்றர் என்று கடைக்காரர் சொல்வது பூச்சையும் சேர்த்தா, தனி இரும்பையா? கடலுக்கு மிகக் கிட்டிய வீடுகளுக்கு உத்தரவாதமே செல்லாது என்று உத்தரவாதப் பத்திரத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் கம்பனிகளும் உண்டு. காசு கொடுக்கும் முன் அதை வாசிக்கச் சொல்லி நான் மன்றாடுவேன்.

நல்ல சீற்றையும் ஒரே பின்னேரத்தில் பாழாக்க கிரைண்டர் போதும். கிரைண்டரால் வெட்டும்போது தெறிக்கிற பொறி வெறும் நெருப்பு இல்லை, சுடச்சுட இரும்புத் துகள். அது பெயின்ரைச் சுட்டுக்கொண்டு சீற்றில் ஒட்டும். முதல் மழையில் கூரை முழுக்கச் சிவப்புப் புள்ளி. வெட்டிய ஓரத்திலும் பூச்சு கருகிப் போவதால் துரு அங்கிருந்து உள்ளே ஏறும். தகரக் கத்தரியால் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. கொஞ்சம் கை வலிக்கும், நேரம் எடுக்கும், அவ்வளவுதான். துளை போட்ட தூளையும் அன்றன்றைக்கே மெல்லிய தும்புத்தடியால் கூட்டி இறக்க வேண்டும்.

இன்னொரு பழக்கம் எனக்கு ஆறவே ஆறாது. குசினிப் பக்கம் சாய்ப்பு இறக்கும்போது, சுவரும் சீற்றும் சேரும் இடத்தில் மேசன் ஒரு கை சீமெந்துக் கலவையை அள்ளி அப்பிவிடுவார். ஓட்டுக் கூரையில் பழகிய கை, அங்கே அது சரி. நனைந்த சீமெந்து கடும் காரம், நாகத்தையும் அலுமினியத்தையும் கரைக்கக் கூடியது. போதாததற்கு சீற் நீண்டு சுருங்குவதில் கலவை வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி நிற்கும். இரண்டு மூன்று மாரிக்குப் பிறகு அந்தக் கலவையைத் தட்டி எடுத்தால் அடியில் சீற்றே இருக்காது, சீமெந்தில் அதன் அச்சு மட்டும் இருக்கும். அந்த இடத்துக்கு அதே தகரத்தில் மடித்த ஒரு பிளாசிங், மேல்விளிம்பு சுவருக்குள் செருகியபடி, அவ்வளவுதான் தேவை. உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கூரையில் விடுவதும் இதே ரகம். உள்ளே செப்புக் குழாய்களில் பட்டு வருகிற தண்ணீர் அது. செம்பு பூச்சை அரிப்பதால், விழுகிற கோட்டில் சீற் ஓட்டையாகும். ஒரு குழாயை நீட்டிக் கீழே விட்டால் தீர்ந்தது.

காற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். ஆகவே ஒரு சீற்றின் மேல் அடுத்தது ஏறுகிற மடிப்பின் வாய் அந்தத் திசையைப் பார்க்கக் கூடாது. அதற்கு வேலையைக் காற்றுக்கு மறுபக்க மூலையில் தொடங்க வேண்டும். ஏணி சாத்த வசதியான பக்கத்தில் தொடங்குகிறவர்களே அதிகம். பிறகு, "மடிப்பால தண்ணி வருது" என்று சிலிக்கன் பூசுவார்கள், அது ஒரு கோடை நிற்கும். ஸ்குரூவின் இடைவெளியும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க முடியாது. காற்று கூரையைத் தூக்குவது ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும்தான். அங்கே நெருக்கி அடிக்க வேண்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரை ஏறியது. 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்த நினைவுள்ள ஊரில் தாழ்வார ஓரத்துக்கு ஒரு மேடு விட்டு ஒரு மேடு ஸ்குரூ அடித்து மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓடு போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை என்பவர்களுக்கும் ஒரு சொல். கலிக்கட் ஓட்டுக்குச் சரிவு வேண்டும், கிட்டத்தட்ட 30 பாகை. இப்போது வீடு தட்டையாகத் தெரிய வேண்டும் என்று பாதிச் சரிவில் ஓடு பரவுகிறார்கள். காற்றோடு வரும் மழை ஓட்டின் அடியால் மேலேறி சிலாகையை நனைக்கிறது. சிலாகையும் இப்போது வைரம் பாயாத மரம். மீதியைக் கறையான் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் தெரியாத பாஸ்மாரோ ஓடாவிமாரோ குறைவு. தெரிந்தும் ஏன் நடக்கிறது என்றால், கூலி சதுர அடிக் கணக்கு. கோடையில் சுவர் எழுப்பி, புரட்டாசியில் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கூரை வேண்டும். மழைக்கு முன் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். மெதுவாகச் செய்கிறவனுக்கு ஒரு சதமும் கூடக் கிடைப்பதில்லை. அத்திவாரத்திலும் சுவரிலும் காசு கரைந்து, கூரைக்கு வரும்போது வீட்டுக்காரர் கையும் சுருங்கியிருக்கும். குற்றத்தை ஒருவர் தலையில் மட்டும் போட முடியாது.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. கூரையை ஆடி முடியும் முன் போடப் பாருங்கள், பூச்சு வேலை பிந்தினால் பரவாயில்லை. ஸ்குரூவை நீங்களே வாங்குங்கள். கிரைண்டரைச் சீற்றின் மேல் ஏற்ற விடாதீர்கள். கூலியைச் சதுர அடிக்குப் பேசாமல் நாட்கூலிக்குப் பேசுங்கள், அல்லது ஒரு பங்கை முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாக முதலிலேயே பேசி வையுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ள பாஸ் அதற்கு ஒத்துக்கொள்வார். மழை பெய்த மறுநாள் அவரையே கூப்பிட்டு, டோர்ச்சோடு சீலிங்குக்கு மேலே அனுப்பி, ஈரம் பட்ட இடங்களைச் சோக்கால் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்குரூவோ ஒரு வாசரோ மாற்றினால் முடிகிற வேலையாக இருக்கும்போதே அது முடிந்துவிடும்.