திரைச்சீலைக்கு ஒரு மனு

"திரைச்சீலைக்கா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனீங்க?" எங்கள் ஊரில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. ஆமாம், அதற்குத்தான் போனோம். எங்கள் மகளிர் குழுப் பெண்கள், ரிட்டயர்டான ஒரு நர்சம்மா, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் நாத்தனார். இவ்வளவுதான் எங்கள் இயக்கம்.

திரை இதில் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் கோரிக்கை இதுதான்: அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு படுத்திருப்பவளுக்குப் பக்கத்தில் அவள் கேட்கிற ஒரு பெண்ணை நிற்க விடுங்கள். அம்மாவோ, அத்தையோ, அக்காவோ, யாரோ ஒருத்தர். புதிதாக எதையும் கேட்கவில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை என்ற ஏற்பாடு 2004 முதலே இருக்கிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-ல் வந்த மத்திய அரசின் லக்‌ஷ்யா திட்டமும் அதையே சொல்கிறது. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்பிக் கதவு பூட்டினால் பூட்டினதுதான்.

நான் இதில் இறங்கியது என் தங்கையால். தலைப்பிரசவம். குழந்தையின் எடையைச் சொல்லி, துணியில் சுற்றிக் கதவருகே காட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். நாங்கள் மிட்டாய் வாங்கக் கிளம்பிவிட்டோம். உள்ளே அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. "அடியில ஈரமாவே இருக்கு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். டூட்டியில் இருந்த ஒரே சிஸ்டர் அடுத்த மேசையில் இன்னொரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த சிஸ்டர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. இரண்டு மேசைக்கும் ஓட அவருக்கு இரண்டு கால்தானே. அப்புறம் 108-ல் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோய், ரத்தம் ஏற்றி, பிழைத்தாள்.

பக்கத்தில் அம்மா நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்? கத்தியிருப்பார். அது போதும். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கி, தொப்புளுக்குக் கீழே கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாகக் கைக்குப் பட வேண்டும், கொழகொழவென்று இருந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும் என்று நர்சம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். ஆக, ஆஸ்பத்திரிக்கு வரவைக்கும் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். இந்திய அளவில் 97 என்பதால் நாம் தோளைத் தட்டிக்கொள்ளலாம்தான். பக்கத்துக் கேரளத்தில் 19. அதையும் பார்க்க வேண்டும்.

சரி, திரைக்கு வருகிறேன். துணையை ஏன் விடுவதில்லை என்று கேட்டால் வந்த பதில், "மற்ற பெண்களுக்கு மறைவு வேண்டாமா?" நியாயம்தான். மேசைகளுக்கு நடுவே வெறும் கம்பி மட்டும் இருந்தது. வளையங்கள் துருப்பிடித்து ஒரே மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. திரை நாங்களே தைத்துத் தருகிறோம் என்றோம். அதற்கு சிஸ்டர்கள் மறுத்தார்கள். சுற்றிலும் மூடிவிட்டால் ஒரே ஆள் எப்படி எல்லா மேசையையும் கவனிப்பது? இதை நாங்கள் யோசிக்கவே இல்லை, அவர்களுக்குத்தானே தெரியும். கடைசியில் பக்கவாட்டில் மட்டும் திரை, சிஸ்டர் உட்காரும் பக்கம் திறப்பு, வாசலுக்குத் தனியாக ஒன்று என்று முடிவானது. தரை துடைக்க வசதியாக ஒரு அடி உயரத்தில் நிற்கும், கொதிநீரில் போட்டாலும் தாங்கும் பச்சைப் பருத்தித் துணி.

நடுவில் ஒரு கூத்து. எங்கள் முதல் மனு சுகாதாரத் துணை இயக்குநருக்குப் போனது. பி.எச்.சி. எனும் ஆரம்ப சுகாதார நிலையங்கள்தான் அவர் பொறுப்பு, தாலுகா ஜி.எச். என்றால் இணை இயக்குநர். மனு எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மாதம் மிச்சமாகும். தகவல் உரிமைச் சட்டத்தில், துணையோடு நடந்த பிரசவம் எத்தனை என்று கேட்டோம். "அவ்வாறான பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியைத்தான் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் மேசையில் வைத்தோம். திரைக்கு ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்தே பணம் ஒதுக்கினார்கள்.

இப்போது பகலில் துணையை விடுகிறார்கள். ராத்திரியில் டூட்டியில் யார் என்பதைப் பொறுத்தது. அடுத்து, ரத்தத்தை அளக்கும் விரிப்பு. ரத்தம் நனைந்த நாப்கினைப் பார்த்துக் கண்ணளவில் சொன்னால் பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பை மேசையில் போட்டு, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன.

அக்டோபர் 2 கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம். இரவு நேரத் துணை, துணைக்கான பதிவேடு, விரிப்பு என்று வாசகம் தயார். உங்கள் ஊருக்கு வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்புகிறேன். ஜெராக்ஸ் செலவு நாத்தனாருடையது.