ஒரு பவுண்டுக்கு விலைபோன கிளப்

இங்கிலாந்தின் பெரி கால்பந்துக் கிளப்பை நினைச்சா இன்னும் ஆத்திரமா வருது. 1885-ல தொடங்கினது. இங்கிலாந்துக் கிளப்புகள் மோதுற எஃப்.ஏ. கோப்பையை ரெண்டு தடவை ஜெயிச்சது; 1903 இறுதியாட்டத்துல டெர்பி கவுண்டி அணியை 6-0ன்னு நொறுக்கினது. 2018 டிசம்பர்ல அதை ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாத்தினாங்க. வாங்கினவர்கிட்ட பணம் இருக்கான்னு உறுதி பண்றதுக்கு முன்னாடியே லீக் நிர்வாகம் விற்பனையை நடக்க விட்டுடுச்சு. வீரர்களுக்குச் சம்பள பாக்கி. அந்த நிலைமையிலயும் அந்த சீசன்ல மேல் டிவிஷனுக்கு முன்னேறினாங்க!

கிளப்பை வேற யாருக்காவது வித்து முடிக்க லீக் கொடுத்த கடைசிக் கெடு 2019 ஆகஸ்ட் 27. எப்படியும் யாராவது வாங்கிடுவாங்கன்னு நம்பி, ரசிகர்கள் திரண்டு வந்து கிளப்போட கிக் லேன் மைதானத்துல இருக்கைகளைத் துடைச்சு, குப்பை பொறுக்கினாங்க. அன்னிக்கு ராத்திரியே கிளப்பை லீக்கிலிருந்து நீக்கிட்டாங்க.

ரசிகர்கள் ஓயல. புதுக் கிளப் தொடங்கி, கீழ்மட்ட லீக்ல ஆடி, 2023-ல அதே மைதானத்துக்குத் திரும்பினாங்க. கிளப் நிதியைக் கண்காணிக்கிற சட்டம் 2025-லதான் வந்துச்சு. பெரிக்கு முன்னாடியே வந்திருக்கணும்.